புல்லுக்கு இட்ட மருந்து

நம்மவர் வயல்களில் இன்று வழங்கும் சொற்களுள் என்னை நெடுநாளாக உறுத்திக்கொண்டிருப்பது 'மருந்து' என்னும் சொல். பூச்சிக்கு மருந்து, புல்லுக்கு மருந்து, எலிக்கு மருந்து. கொல்வதற்கென்றே ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட பொருளுக்கு நோய் தீர்ப்பதன் பெயரை உலகவழக்குச் சூட்டிவிட்டது. நாங்கள் பள்ளிக்கூடத்தில் 'களைநாசினி' என்று சரியாகத்தான் கற்பிக்கிறோம். ஆனால் அதனைப் பரீட்சையில் பிழையின்றி எழுதிச் சித்தியெய்திய மாணவனும் வயலில் இறங்கியதும் "மருந்தடிக்கப் போகிறேன்" என்றே சொல்கிறான். மருந்து என்று எண்ணிய ஒன்றைத் தொடுவதற்கு எவரும் கையுறை தேடுவதில்லை; முகத்தை மூடிக்கொள்வதுமில்லை. மொழியாராய்ச்சியாளர் இதனை மங்கல வழக்கென்று ஒதுக்கிவிடக்கூடும். முப்பது ஆண்டுகள் வவுனியா மாவட்டத்தில் இரசாயனம் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அஃது அத்துணை இலேசான காரியமாகத் தோன்றவில்லை.

களை பறித்தல் நம் இலக்கியத்தில் இடம்பெற்ற தொழில். அரசன் கொடியோரைத் தண்டிப்பதைப் பயிரின் களையை நீக்குவதோடு வள்ளுவர் ஒப்பிட்டார். உழவர் பறித்து வரம்பிலே வாடவிட்ட நெய்தல், வேறிடம் போக எண்ணாமல் அதே வயலில் மறுபடியும் பூப்பதைத் தலைவனுக்குத் தோழி எடுத்துக்காட்டும் குறுந்தொகைச் செய்யுளை உயர்வகுப்பு மாணவர் அறிவர். அந்த வயலில் களைக்கும் மறுபிறவி இருந்தது. பறித்தவர் கைக்கும் ஊறில்லை. இவற்றைப் படித்துவிட்டு அந்தக் காலம் மீளாதா என்று ஏங்கும் கட்டுரைகள் இன்றும் அவ்வப்போது வெளிவருகின்றன. அவற்றை எழுதுவோர் ஒருநாளேனும் சேற்றில் குனிந்து நின்றவர் அல்லர் என்பது என் துணிபு. என் பெரியதாயார் களைக்கூலிக்குப் போனவர். ஐம்பது வயதுக்குப் பிறகு அவரால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. ஒரு கூட்டம் பெண்கள் நாள் முழுவதும் செய்த வேலையை, தோளிலே கொழுவிய பதினாறு லீற்றர்த் தாங்கி சில மணிநேரத்தில் செய்து முடிக்குமாயின் அதனைக் கமக்காரன் நாடுவது பேராசையன்று. நாற்றுநடுகை அருகி, வீச்சு விதைப்பே பெருவழக்கான நிலங்களில் நெல்லும் புல்லும் கலந்து முளைப்பதனால், கையாற் களை பறிப்பது இயலாத காரியமுமாயிற்று. ஆகவே களைநாசினியை ஊருக்குள் வந்த பேயாக வருணிப்பதற்கு நான் உடன்படேன். அது ஓர் உண்மையான கஷ்டத்துக்கு விடையாக வந்தது. வந்த பின்னர் நாம் அதனை எவ்வாறு அறிந்துகொண்டோம், எவ்வாறு தீர்ப்புக் கூறினோம் என்பதே கேள்வி.

இவ்வகைப் பொருள்களின் வரலாறு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சூடுபிடிக்கிறது. அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லினத்தைத் தப்பவிடும் 2,4-டீ அப்போது கண்டறியப்பட்டது. அதனையும் அதன் உடன்பிறப்பான 2,4,5-டீயையும் கலந்து, 1962 முதல் 1971 வரை வியட்நாமின் காடுகள்மீதும் பயிர்கள்மீதும் அமெரிக்கப் படை வானிலிருந்து பொழிந்தது. அக்கலவையில் அழுக்காகக் கலந்திருந்த டயொட்சின் மண்ணிலும் மனித உடலிலும் செய்த கேடு தனி நூலாகவே எழுதத்தக்கது. அதற்குள் நுழைந்தால் எழுத வந்தது நின்றுவிடும். நம் நாட்டு வயல்களுக்கு 3,4-டிபிஏ வந்தது, எம்சிபிஏ வந்தது, கிரமக்சோன் வந்தது, றவுண்டப் வந்தது. கடைசி இரண்டின் கதையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை நாம் தீர விசாரித்துத் தண்டித்தோம்; மற்றொன்றை விசாரணை முடியுமுன்னர் தண்டித்து, விசாரணை முடியுமுன்னரே விடுதலையும் செய்தோம்.

கிரமக்சோன் என்பது கடைப்பெயர், உள்ளிருப்பது பரகுவாற். இதனை வேதியியலார் 1882ஆம் ஆண்டிலேயே ஆக்கிவிட்டனர். பின்னர் 1930களில் அது ஆய்வுகூடத்தில் நிறம் மாறும் காட்டியாகப் பயன்பட்டது. இலத்திரனைப் பெற்றதும் நீலநிறங் கொள்ளும். புல்லைக் கொல்லும் அதன் குணத்தை 1955இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தார் கண்டனர், 1962இல் அது விற்பனைக்கு வந்தது. நிறம் மாறும் அந்தக் குணமே கொல்லும் குணமும் ஆகும். பச்சை இலையில் ஒளி பட்டதும் ஓடும் இலத்திரனை இது இடைமறித்துப் பறிக்கும். பறித்ததை ஒட்சிசனிடம் ஒப்படைத்துவிட்டு, அடுத்ததைப் பறிக்கத் திரும்பும். இவ்வாறு பிறக்கும் கொடிய ஒட்சிசன் வடிவங்கள் இலையின் மென்சவ்வுகளைக் கிழித்துவிடுகின்றன. நல்ல வெயிலில் காலையில் அடித்தால் மாலைக்குள் புல் கருகத் தொடங்குவது இதனாலேயே. களிமண்ணில் பட்டதும் இறுகப் பிணைந்து செயலற்றுவிடுவதனால், இது நிலத்துக்குத் தீங்கற்றது என்று விளம்பரஞ் செய்தனர். அக்கூற்றிற் பெரும் பொய்யில்லை. ஆனால் மனிதனின் நுரையீரல் களிமண் அன்று.

நுரையீரற் கலங்கள் இப்பொருளைக் குருதியிலிருந்து தாமே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. இலையில் நிகழ்ந்த அதே பறிப்பும் ஒப்படைப்பும் அங்கும் நிகழும். ஒளிக்குப் பதிலாக நம் மூச்சே அதனை ஓட்டுகிறது. மூச்சுத் திணறுவோருக்கு ஒட்சிசன் கொடுப்பது வைத்தியத்தின் பாலபாடம். இந்த நஞ்சுக்கு ஒட்சிசன் கொடுப்பதோ எரிகிற கொள்ளியைத் தள்ளிவிடுவதாகும். சிதைந்த நுரையீரல் நாரேறி இறுகிவிடும். மாற்று மருந்து இல்லை. தாங்கி கசிந்து முதுகு நனைய அடித்தவர்களுக்குத் தோல் வெந்ததும், நகங்கள் கழன்றதும், தூவானத்தைச் சுவாசித்தவர்களுக்கு மூக்கால் இரத்தம் வடிந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. நடுக்கவாதத்துக்கும் இதற்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் அமெரிக்கக் கமக்காரரிடையே செய்யப்பட்டு, அவை நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கிருந்த அனுமதியை நீதிமன்றம் 2007இல் நீக்கியது. அதன் பின்னரும் இங்கிலாந்தின் ஆலையிலிருந்து பிறநாடுகளுக்கு இது கப்பலேறியது. தம் வீட்டு முற்றத்தில் வைத்திருக்க விரும்பாததை அயலவனுக்கு விற்பதில் தவறு காணாத வாணிக நீதியைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

நம் நாட்டில் இதன் பெருங்கேடு வயலில் அன்று, வீட்டினுள்ளே நிகழ்ந்தது. தற்கொலை வீதத்தில் உலகின் முன்வரிசையில் நின்ற நாடு இது. 1995இல் அவ்வீதம் இலட்சத்துக்கு 47. இறந்தோரிற் பெரும்பாலார் இறக்கும் உறுதியோடு நாட்கணக்காகத் திட்டமிட்டவர் அல்லர். ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு பரீட்சை முடிவு. கணநேரக் கொதிப்பில் கைக்கெட்டியது கூரைத் தாழ்வாரத்தில் இருந்த போத்தல். அநுராதபுரம், பொலன்னறுவை வைத்தியசாலைகளில் 2002 முதல் 2008 வரை விவசாய நஞ்சோடு சேர்க்கப்பட்ட ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை மருத்துவர்கள் ஒருவர் விடாமற் கணக்கெடுத்தனர். எந்தப் பொருளால் வந்தவருள் எத்தனை பேர் வீடு திரும்பினர் என்று பொருள்வாரியாக எழுதிவைத்தனர். பரகுவாற்றினால் வந்தோரில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. வேறு பல பொருள்களில் அத்தொகை ஒற்றை இலக்கமாகவே இருந்தது. கணநேரக் கொதிப்பு ஒன்றுதான்; உயிர் தப்புவதும் தப்பாததும் கையில் அகப்பட்ட போத்தலைப் பொறுத்திருந்தது.

அந்தக் கணக்கு நடவடிக்கையாயிற்று. பீடைகொல்லிப் பதிவாளர் திணைக்களம் மிகக் கொடிய பூச்சிநாசினிகளை 1995இலும், எண்டோசல்பானை 1998இலும் முன்னரே விலக்கியிருந்தது. பரகுவாற்றை 2008இல் தொடங்கிச் செறிவைக் குறைத்து, 2011க்குள் முற்றாக நிறுத்தியது. 1995க்கும் 2015க்கும் இடையில் நாட்டின் தற்கொலை வீதம் நூற்றுக்கு எழுபது வீழ்ந்தது. நஞ்சு விலக்கினால் அவ்விருபது ஆண்டுகளில் காக்கப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர். நெல் விளைச்சல் அதனாற் குன்றியமைக்குச் சான்று காணப்படவில்லை. தொண்ணூற்று மூவாயிரம் என்பது ஒரு பட்டினத்தின் சனத்தொகை. இதற்காக எங்கேனும் வெடி கொளுத்தப்பட்டதாகவோ மேடை போடப்பட்டதாகவோ நான் அறியேன். பத்திரிகைகளும் உள்பக்கத்தோடு விட்டுவிட்டன.

இனி மற்றையது. 1990களில் வடமத்திய மாகாணத்து வைத்தியசாலைகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. மதவாச்சி, பதவியா, மெதிரிகிரிய, அப்பால் கிராந்துருக்கோட்டை ஆகிய பகுதிகளிலிருந்து நடுத்தர வயதுக் கமக்காரர் சிறுநீரகம் பழுதுற்று வந்தனர். நீரிழிவு இல்லை, குருதி அமுக்கமும் தொடக்கத்தில் இல்லை. வழக்கமான காரணம் எதுவும் இல்லாமல் சிறுநீரகம் சிறுகச் சிறுகச் சுருங்கியது. இந்நோயின் கொடுமை அதன் மௌனம். வலியில்லை, காய்ச்சலில்லை, உறுப்பின் பெரும்பகுதி அழிந்த பின்னரே கால் வீங்கும், உணவு வெறுக்கும். அப்பாற் குருதியை இயந்திரத்தால் வடிக்கவேண்டும், வாரத்தில் இரண்டு மூன்று தடவை. 'காரணம் அறியப்படாத நாட்பட்ட சிறுநீரக நோய்' என்று மருத்துவர் அதற்கு இட்ட பெயர் நேர்மையான பெயர். மதவாச்சிக்கும் வவுனியாவுக்கும் இடையே மாகாண எல்லை உண்டு. நோய்க்கு அந்த எல்லை தெரியாது. வவுனியாவின் கிராமங்களிலும் முல்லைத்தீவிலும் நோயாளர் காணப்பட்டனர்.

என்னிடம் படித்த ஒரு மாணவனின் தந்தையார் அவர்களுள் ஒருவர். சென்ற ஆண்டு பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் இருந்தபடி, சுற்றி வளைக்காமல் கேட்டார்: "மாஸ்ரர், என்ரை மகனுக்கு இரசாயனம் படிப்பிச்சனீங்கள். உள்ளதைச் சொல்லுங்கோ. புல்லுமருந்துதானோ எனக்கு இந்த வருத்தத்தைத் தந்தது?"

அவர் கேட்டது கிளைபொசேற்றைப் பற்றி. றவுண்டப் என்ற பெயரால் உலகெங்கும் பரவியது. மொன்சாண்டோ நிறுவனத்தின் ஜோன் பிரான்ஸ் என்பார் அதன் களைகொல்லும் ஆற்றலை 1970இல் கண்டார். 1974இல் விற்பனைக்கு வந்தது. தாவரங்களும் நுண்ணுயிர் பலவும் சில அமினோ அமிலங்களைத் தாமே ஆக்கிக்கொள்ளும் பாதை ஒன்றுண்டு. சிக்கிமி என்னும் யப்பானிய மரத்தின் பெயரால் அது சிக்கிமேற்றுப் பாதை எனப்படும். அப்பாதையின் ஒரு நொதியத்தைக் கிளைபொசேற் அடைத்துவிடும். செடி பட்டினியால் மடியும். மனிதருக்கு அப்பாதையே இல்லை, ஆகவே ஊறில்லை என்பது ஆக்கியோர் வாதம். வாதம் அழகியது, முழுமையானதன்று. போத்தலில் இருப்பது அது மட்டுமன்று. இலையில் ஒட்டிப் பரவுவதற்குச் சவர்க்காரம் போன்ற துணைப்பொருளும் உண்டு. சில தயாரிப்புக்களில் அத்துணைப்பொருள் முதற்பொருளிலும் நச்சுத்தன்மை மிக்கது. மேலும், களைநாசினியாக அறியப்படுவதற்கு முன்னரே கிளைபொசேற் உலோகங்களைப் பற்றிப் பிணைக்கும் பொருளாக உரிமைப்பதிவு பெற்றிருந்தது.

இந்தப் பிணைக்கும் குணத்தைப் பிடித்துக்கொண்டே, 2014 பெப்ரவரியில் சன்ன ஜயசுமன, சரத் குணதிலக, பிரியந்த சேனநாயக்க ஆகியோர் ஒரு கருதுகோளை வெளியிட்டனர். நோயுள்ள பகுதிகளின் கிணற்று நீர் வன்னீர். அதிலுள்ள கல்சியத்தோடும் மகனீசியத்தோடும், ஆசனிக்கு முதலிய நச்சு உலோகங்களோடும் கிளைபொசேற் பிணைந்து சிறுநீரகம் வரை பயணஞ் செய்கிறது என்பது அது. கருதுகோள் என்றே அவர்கள் சொன்னார்கள். அரசியலுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. 2015 யூன் மாதத்தில் கிளைபொசேற் இறக்குமதி நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டது.

எதிர்வாதங்கள் வலியவை. தேயிலைத் தோட்டங்களில் ஆண்டுக்கணக்காக அது தாராளமாக அடிக்கப்பட்டது. அங்கே இந்நோய் பரவவில்லை. யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரிலும் வன்னீர் உண்டோ? சுண்ணாம்புக் கல்லில் ஊறிய அந்நீரைக் குடித்து, தோட்டந்தோறும் மருந்தடித்து வாழும் குடாநாட்டிலும் இது கொள்ளைநோயாகவில்லை. மத்திய அமெரிக்காவில் எல் சல்வடோர், நிக்கரகுவா நாட்டுக் கரும்புத் தொழிலாளரிடையேயும், ஆந்திரத்தின் உத்தானம் பகுதியிலும் இதனையொத்த நோய் உண்டு. வெயிலில் நீரிழந்து நாள்தோறும் உழைப்பதே மூலம் என்போர் அவற்றைச் சான்று காட்டுவர். புளோரைட்டைக் குறிப்போரும் கட்மியத்தைக் குறிப்போரும் உளர். உலகப் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2015 மார்ச்சில் கிளைபொசேற்றைப் 'பெரும்பாலும் புற்றுநோய் விளைக்கக்கூடியது' என்று வகுத்ததும், அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை அதனை மறுத்ததும் மற்றொரு குழப்பம். புலிக்குப் பல்லுண்டா என்பது ஒரு வினா. கூண்டுக்கு வெளியே நிற்பவனை அது கடிக்குமா என்பது வேறு வினா. இரு சாராரும் முதல் வினாவுக்கே மாறுபட்ட விடை சொன்னார்கள். இரண்டும் புற்றுநோய் பற்றியவை, சிறுநீரகம் பற்றியவையல்ல என்பதை மேடைகளில் எவரும் பிரித்துப் பேசவில்லை.

தடையின் பின் நடந்தது யாவருக்கும் தெரிந்ததே. பெயர்ச்சீட்டில்லாத போத்தல்கள் கள்ளமாக வந்தன. தோட்டத்துரைமார் வேறு களைநாசினிகளை நாட, 2018இல் நமது தேயிலையில் எம்சிபிஏ எச்சம் இருப்பதாக யப்பான் முறையிட்டது. அவ்வாண்டு யூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கதவு திறக்கப்பட்டது. 2021 மே மாதத்தில் செயற்கை உரமும் விவசாய இரசாயனமும் ஒரே வீச்சில் தடைசெய்யப்பட்டன, விளைச்சல் சரிந்தது, நவம்பரில் அத்தடை கைவிடப்பட்டது. 2022 ஓகஸ்டில் கிளைபொசேற் தடையும் வர்த்தமானி மூலம் நீங்கிற்று. அரிசி இல்லை, டொலர் இல்லை. அந்த நெருக்கடியில் அதனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தடை வந்தபோதும் போனபோதும் நோயாளரின் கணக்கை யாரும் கேட்கவில்லை.

தடை நீங்கிய மறு ஆண்டு, 2023இல், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர் நம் கிணறுகளின் நீரை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. நோயுள்ள பகுதிகளில் நூற்றுக்கு 44 கிணறுகளில் கிளைபொசேற் காணப்பட்டது. வெளியே நூற்றுக்கு 8இல். மண்ணில் விரைவில் சிதையும் என்று எண்ணப்பட்ட பொருள், வன்னீரின் கல்சியத்தோடும் மகனீசியத்தோடும் பிணைந்து சிதையாமல் நெடுநாள் தங்குகிறது என்பது அவர்கள் கண்டது. இது நோயின் காரணத்தை நிறுவிவிடவில்லை. கிணற்றில் இருப்பது ஒன்று, சிறுநீரகத்தைச் சிதைப்பது மற்றொன்று. ஆயினும் வழக்கு முடிந்துவிட்டதென்று கட்டை மூடியவர்கள் அதனை மறுபடி அவிழ்ப்பதற்கு இது போதும். பரகுவாற்றில் கணக்கு முதலில் வந்தது, கட்டளை பின்னர் வந்தது. இங்கே கட்டளை இருமுறை வந்து போன பிறகு கணக்கு வருகிறது.

திண்ணையிலிருந்தவருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. "அதுதான் என்று ஒருவராலும் இன்னும் நிறுவ முடியவில்லை அண்ணை, அது இல்லை என்றும் நிறுவவில்லை" என்றேன். அவர் சினங்கொள்ளவில்லை. "அப்ப, கிணத்துத் தண்ணியை விட்டிட்டு ஆர்.ஓ. தண்ணி குடிக்கச் சொல்லுறது?" என்றார். அது சரிதான், எது காரணமானாலும் அந்த நீர் நல்லது என்றேன். கடற்படையினரும் பிறரும் நோயுள்ள பகுதிகளில் நூற்றுக்கணக்கில் அமைத்த நீர்வடிப்பு நிலையங்களால், இன்று பல குடும்பங்கள் கிணற்றைக் குளிப்பதற்கு மட்டும் வைத்திருக்கின்றன. அவருடைய மகன், என் மாணவன், இப்போது வயலைப் பார்க்கிறான். உச்சி வெயிலில் அடிக்காதே, காற்றுக்கு எதிரே நில்லாதே, தாங்கியை வாய்க்காலில் கழுவாதே என்று வகுப்பில் சொன்னவற்றை மறுபடியும் சொன்னேன். இறப்பர்க் காலணியும் நீண்ட கையுறையும் குளிர்நாட்டாருக்கு ஏற்றவை. நம் வெயிலில் அவற்றை அணிந்து அரைமணி நேரம் நின்றால் மயக்கம் வரும் என்று அவன் சொன்னதற்கு என்னிடம் விடையில்லை.

புறப்படுமுன் அவருடைய சிகிச்சை அட்டையை வாங்கிப் பார்த்தேன். கிரியற்றினைன் அளவு, குருதி அமுக்கம், நிறை, குளிசைகளின் பெயர் யாவும் மாதவாரியாக ஒழுங்குற எழுதப்பட்டிருந்தன. தொழில் என்ற இடத்தில் 'கமம்' என்றிருந்தது. எந்த மருந்தை, எத்தனை போகம், எவ்வாறு அடித்தார் என்று எழுதுவதற்கு அதில் இடமில்லை. பேரப்பிள்ளையின் அப்பியாசக் கொப்பி ஒன்றை வாங்கி, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். தகப்பனாரோடு முதன்முதல் 3,4-டிபிஏ அடித்த காலபோகம், கிரமக்சோன் அடித்த வரம்புகள், றவுண்டப் வந்த ஆண்டு. இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தை வெறுமையாக விடச் சொன்னார். 2015க்குப் பிந்திய சில போகங்களுக்கு மருந்தின் பெயரை எழுத முடியவில்லை. போத்தலில் சீட்டு இருக்கவில்லை என்றார். இரண்டு பக்கம் நிரம்பிற்று. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அட்டையோடு கொண்டுபோவதாகச் சொல்லி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.